5,800 பேர் ஊரில் ஒரு லீக் கிளப்: ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் ஏறியது எப்படி, இறங்கியது ஏன்?

#1 மேட்டுத்தெரு

ஜெர்மனியின் கிராமத்து கிளப் ஹோஃபன்ஹைம் பற்றிய இழையில் யார் உண்மையான கிராமத்து கிளப் என்று நான்கு பக்கத்துக்கு அடித்துக்கொண்டீர்கள். நடுவில் நான் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் பெயரை எடுத்ததும், "அந்தச் சைவ டீம்தானே" என்று ஒருவர் சிரிப்பு பொம்மை போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த கிளப்புக்கு வயது நூற்றுமுப்பதைத் தாண்டிவிட்டது. அதில் சைவம் நுழைந்தது கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்தில்தான். அதனால் தனி இழை. நான் க்ளாஸ்டர்ஷர் பக்கம் பிழைக்க வந்தவன், பிறவி ரசிகன் இல்லை. பக்கத்து ஊர்க்காரனாகப் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இடம். நெய்ல்ஸ்வொர்த், காட்ஸ்வோல்ட் குன்றுகளின் ஓரத்தில், ஸ்ட்ரௌட் நகரத்துக்குத் தெற்கே ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,800-ஐக்கூடத் தொடவில்லை. ஃபாரஸ்ட் கிரீன் அதற்கும் மேலே, மேட்டில் இருக்கிற குடியிருப்பு. காகிதத்தில் நெய்ல்ஸ்வொர்த் டவுன்தான், ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் கம்பளி மில்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் சிவப்புக் கோட்டுக்கு ஸ்ட்ரௌட் துணி பேர்போனது. அப்படிப்பட்ட ஊரில் 1889-ல் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் தொடங்கிவைத்த அணி இது.

அதற்கப்புறம் எண்பது வருஷத்துக்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவட்ட லீக், பக்கத்து ஊர்ப் பகை, சனிக்கிழமை சகதி, அவ்வளவுதான். 1975-ல் ஹெலனிக் லீக்கில் சேர்ந்தார்கள். அங்கிருந்துதான் கதை சூடுபிடிக்கிறது. 1981-82-ல் அந்த லீக்கை வென்றார்கள். அதே வருஷம், சின்ன கிளப்களுக்கென்றே எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) நடத்தும் வேஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் போனார்கள். லண்டனின் பெரிய மைதானமான வெம்ப்ளியில்! எதிரே நாட்டிங்ஹாம்ஷரின் ரெயின்வொர்த் மைனர்ஸ் வெல்ஃபேர். அதுவும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஊரின் அணி. மில் ஊரும் சுரங்க ஊரும் பழைய வெம்ப்ளியில் மோதி, 3-0 என்று மில் ஊர் ஜெயித்தது. பின்னால் கிளப்புக்குப் பணம் போட்ட டேல் வின்ஸ் என்ற பெயர் இங்கே எவருக்கும் தெரியாத காலம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1989-ல் ஒரு கூத்து. கிராமத்துப் பெயர் இருந்தால் கூட்டம் வராது என்று நினைத்து, கிளப்பின் பெயரை ஸ்ட்ரௌட் எஃப்.சி. என்று மாற்றினார்கள். ஸ்ட்ரௌட்காரர்கள் வந்த பாடில்லை, மேட்டுக்காரர்களுக்கும் கோபம். 1992-ல் பழைய பெயரே திரும்பிவிட்டது. 1998-ல் சதர்ன் லீக்கை வென்று கான்ஃபரன்ஸுக்கு ஏறினார்கள். அதாவது இங்கிலாந்தின் ஐந்தாம் படி. அதற்கு மேலுள்ள நான்கு படிகளைத்தான் 'லீக்' என்பார்கள். 1999, 2001 இரண்டு தடவையும் வேஸுக்கு மேல்படிக் கோப்பையான எஃப்.ஏ. ட்ரோஃபியின் இறுதிப் போட்டி, இரண்டிலும் 1-0 தோல்வி. வேஸ், ட்ரோஃபி இரண்டின் இறுதியையும் எட்டிய முதல் கிளப் இதுதான்.

2006-ல் பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நியூ லான் என்ற புது மைதானம் வந்தது. 5,000 பேருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். 2009 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றுக்கு டெர்பி கவுண்டி வந்தபோது 4,836 பேர். ஊரே காலியாகி மேட்டில் ஏறிவிட்ட மாதிரி கணக்கு. 2-0 என்று முன்னிலை எடுத்துவிட்டுக் கடைசியில் 4-3 தோற்றார்கள்.

டேல் வின்ஸ் வந்த கதையை அடுத்து எழுதுகிறேன். அதற்குள் யாராவது மைதானத்தில் விற்கும் பை (மாவுக்குள் கறி வைத்துச் சுடும் pie) பற்றி ஆரம்பித்துவிடுவீர்கள் என்று தெரியும்.

#2 கொழுப்புகணேசன்

ஆரம்பிச்சுட்டேன் அண்ணே. மேட்ச் பார்க்க வர்றவனுக்குக் கறி பை கிடையாது, டீயில ஊத்தப் பசும்பால் கிடையாது. கொட்டுற மழையில நின்னு ஓட்ஸ் பால் டீ குடிச்சுட்டு 0-0 பார்க்கணுமா? எங்க மதுரையில இதைச் செஞ்சா மைதானத்து வாசல்லயே ரெண்டாவது மேட்ச் நடக்கும்.

#3 மேட்டுத்தெரு

கணேசா, வரிசையாகச் சொல்கிறேன்.

2009-10 சீசனில் கிளப் கான்ஃபரன்ஸிலிருந்து இறங்க வேண்டிய இடத்தில்தான் முடித்தது. சாலிஸ்பரி சிட்டியை வேறு காரணத்துக்காகக் கீழே தள்ளியதால் இவர்கள் தப்பித்தார்கள். 2005-லும் இதே கதைதான், அப்போது நார்த்விச் விக்டோரியாவின் சிக்கல் இவர்களைக் காப்பாற்றியது. அடுத்தவன் வீட்டில் இழவு விழுந்து தப்பிப்பது இரண்டாம் தடவை. கையில் காசும் இல்லை. அந்த நிலையில்தான் 2010-ல் உள்ளூர்த் தொழிலதிபர் டேல் வின்ஸிடம் போய் நின்றார்கள். சின்ன உதவி கேட்டுத்தான் வந்தார்கள், போகப் போகத்தான் ஓட்டையின் அளவு தெரிந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆள் யாரென்றால், இளவயதில் வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றிய ஹிப்பி கூட்டத்தில் ஒருவர். 1990-களின் நடுவில் ஈகோட்ரிசிட்டி என்ற பசுமை மின் கம்பெனியை ஆரம்பித்தார். அதன் முதல் காற்றாலை நின்றது நிம்ப்ஸ்ஃபீல்ட் கிராமத்துக் குன்றில். மைதானத்திலிருந்து சில மைல்தான். வெளிநாட்டு ஷேக் வந்து வாங்கின கதை இல்லை இது, மேட்டுக்குப் பக்கத்து மேட்டுக்காரன் வந்த கதை.

வந்தவுடன் ஆட்டக்காரர்களின் சாப்பாட்டில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி நின்றது. 2011-ல் கேன்டீனிலும் நின்றது. 2015-ல் முழுக்க வீகன், பசும்பாலும் நின்றது. மைதானத்தில் ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, கடற்பாசிச் சாறு தெளிப்பார்கள். புல்லை வெட்ட ஜி.பி.எஸ். வைத்துத் தானாக ஓடும் ஒரு ரோபோ, கேலரிக் கூரையில் சோலார் தகடுகள். 2018-ல் கார்பன் சமநிலை அடைந்த முதல் கால்பந்து கிளப் என்று ஐ.நா. சான்றிதழ் வந்தது. ஜெர்சியில் ஒரு வருஷம் மூங்கில் நார், இன்னொரு வருஷம் காபித்தூள் கழிவு.

பழைய ரசிகர்களில் சிலருக்கு எரிச்சல்தான். பழைய கறுப்பு வெள்ளை போய்ப் பச்சை வந்ததே பலருக்கு இறங்கவில்லை. ஆனால் கூட்டம் குறையவில்லை, ஏறியது. கறி வேண்டுமென்றால் வழியில் சாப்பிட்டுவிட்டு வரட்டும், எவன் தடுத்தான்?

#4 யாழ்_வடலி

நான் லண்டனிலை இருந்து லெய்டன் ஓரியன்ட் பாக்கிறவன். ஓரியன்ட் 2019-ல் லீக் டூவுக்கு (நாலாம் படி) ஏறின பிறகு உந்த மேட்டுக்கு எங்கடை ஆக்களோடை போயிருக்கிறன். கீழை நெய்ல்ஸ்வொர்த்திலை சாப்பிட்டிட்டு நடந்து ஏறுவம் எண்டு வெளிக்கிட்டம். ஐயோ, அது றோட்டே இல்லை, ஏணி. பாதியிலை மூச்சு வாங்கி நிண்டால், கையிலை கொடியோடை ஒரு கிழவி எங்களைத் தாண்டி ஏறிப் போகுது.

மேலை போனால் நல்ல காத்து. பந்தை உயரத் தூக்கினால் எங்கை விழும் எண்டு கோல்கீப்பருக்கே தெரியாது. பை வாங்கினன். குவோர்ன் எண்ட இறைச்சியில்லாத கறியும், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் போட்டது, மேல்மா நல்ல மொறுமொறுப்பு, உள்ளுக்கை வெள்ளைச் சோஸ். பசியிலை இருந்ததாலோ தெரியாது, உண்மையாவே நல்லாய் இருந்தது. எங்கடை ஆக்களிலை ஒருத்தர் இரண்டாவதும் வாங்கினவர், அது கறியில்லை எண்டு பிறகுதான் அவருக்குத் தெரியும்.

கணேசன் தம்பி, சாப்பாடு இல்லை பிரச்சினை. அந்த ஊருக்கு லீக் வன்னிலை (மூண்டாம் படி) விளையாடுற பலம் இருந்ததோ எண்டதுதான் கேள்வி.

#5 ஒன்பதாம்நம்பர்

அந்தக் கேள்விக்கு முன்னாடி ஏறின கதையைச் சொல்லணும், அதான் ருசியே.

2015 ப்ளே-ஆஃப் (சாம்பியனுக்கு அடுத்த டீம்கள் மேலே ஏற மோதுற சுற்று) அரையிறுதியில பிரிஸ்டல் ரோவர்ஸ்கிட்ட அவுட். 2016 இறுதியில கிரிம்ஸ்பிகிட்ட 3-1 தோல்வி. 2017-ல மறுபடி வெம்ப்ளி, எதிரே ட்ரான்மியர். ட்ரான்மியர்னா ஒரு காலத்துல பிரீமியர் லீக் வாசலைத் தட்டின டீம், அவங்க ரசிகர் கூட்டம் இவங்களைவிடப் பல மடங்கு. கெய்ன் வூலரி ரெண்டு, கிறிஸ்டியன் டாய்ட்ஜ் ஒண்ணு, 3-1 வெற்றி. 128 வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா லீக். லீக் வரலாற்றிலேயே இவ்வளவு சின்ன ஊருக்கு ஒரு டீம் இருந்ததில்லை.

முதல் வருஷம் 21-ம் இடம், தட்டுத்தடுமாறித் தப்பிச்சாங்க. 2019-ல ப்ளே-ஆஃப், அதே ட்ரான்மியர் பழி தீர்த்தது. 2021-ல நியூபோர்ட்கிட்ட அரையிறுதியில மொத்தம் ஒன்பது கோல் விழுந்து 5-4 தோல்வி. நடுவுல 2020-ல ஆர்சனல் ஆட்டக்காரர் ஹெக்டர் பெயரின் பங்கு வாங்கி, வின்ஸுக்கு அடுத்த பெரிய பங்குதாரர் ஆனார். பணத்துக்காக இல்ல, மரம் நடுற ஆள் அவர்.

அப்புறம் 2021-22. மேனேஜரா (அணியை நடத்துற தலைமைப் பயிற்சியாளர்) இருந்த மார்க் கூப்பர் போயி ராப் எட்வர்ட்ஸ் வந்தார். மூணு டிஃபெண்டர், ரெண்டு விங்-பேக், முன்னாடி ரெண்டு ஸ்ட்ரைக்கர். வலதுல கேன் வில்சன், இடதுல நிக்கி கேடன், ரெண்டு பேரும் கோட்டை ஒட்டியே ஓடிப் பந்தை உள்ளே அனுப்புவாங்க. முன்னாடி ஜமீல் மேட் உயரமா நின்னு தலையால இறக்குவார், மேட்டி ஸ்டீவன்ஸ் வந்து முடிப்பார். பார்க்க எளிசா இருக்கும், தடுக்க முடியாது. வில்சன் அந்த வருஷ லீக் டூவின் சிறந்த ஆட்டக்காரர். கடைசியில எக்ஸிட்டரும் இவங்களும் 84 புள்ளி, கோல் வித்தியாசத்துல சாம்பியன்.

லீக் வன். டெர்பி, ஷெஃபீல்ட் வென்ஸ்டே, இப்ஸ்விச், போல்டன் எல்லாம் இருக்கிற டிவிஷன். மேட்டுல 5,000 பேர் கொள்ற மைதானம் வெச்சிருக்கிறவன் அங்க!

#6 கணக்குப்பிள்ளை

நான் கணக்கு வேலை பார்க்கிறவன், அதனால் அந்தக் கண்ணால்தான் பார்ப்பேன்.

சாம்பியன் ஆன மேனேஜரே முதலில் போனார். 2022 மே மாதத்தில் எட்வர்ட்ஸை வாட்ஃபர்ட் எடுத்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் பேசி முடித்துவிட்டார்கள் என்று ஃபாரஸ்ட் கிரீன் வெளிப்படையாகவே கொதித்தது. வாட்ஃபர்ட் அவரைச் செப்டம்பரிலேயே துரத்திவிட்டது, அவர் லூட்டனுக்குப் போய் 2023-ல் அந்த டீமைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். ஆக, போனது சாதாரண ஆள் இல்லை. கூடவே வில்சன் பிரிஸ்டல் சிட்டிக்கு, கேடன் பார்ன்ஸ்லிக்கு. இரண்டு சிறகும் ஒரே கோடையில் வெட்டுப்பட்டன. ஜமீல் மேட் ஜனவரியில் வால்சாலுக்கு.

இதில் யாரையும் திட்ட முடியாது. கூட்டம் இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தாண்டாத மைதானத்தில் டிக்கெட் காசு சம்பளத்துக்கே எட்டாது. இருபதாயிரம் பேர் வரும் கிளப் கூப்பிடும்போது ஆட்டக்காரன் ஏன் இருப்பான்? வழக்கமாகச் சின்ன கிளப்கள் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள்: ஆளைத் தயார்பண்ணு, நல்ல விலைக்கு வில், அதில் பாதியை அடுத்த ஆளில் போடு. இவர்கள் விற்க வேண்டிய நேரத்தில் ஏறுவதற்காகப் பிடித்துவைத்தார்கள், ஏறிய பிறகு ஒப்பந்தம் முடிந்து சிலர் சும்மாவே நடந்துவிட்டார்கள்.

என் கருத்து இதுதான்: பசுமையும் வீகனும் கிளப்பை இறக்கவில்லை. சொல்லப்போனால் அதுதான் இவர்களுக்கு வெளியிலிருந்து வந்த ஒரே வருமானம். குவோர்ன், ஓட்ஸ் பால் விற்கும் ஓட்லி மாதிரி விளம்பரதாரர்கள் 5,800 பேர் ஊருக்கு வேறு எதற்காக வரப்போகிறார்கள்? இறக்கியது, ஒரே ஆள் பணம் போட்டு ஒரே ஆள் முடிவெடுக்கும் முறை. அது வேலை செய்தபோது எல்லாரும் கைதட்டினோம்.

#7 மேட்டுத்தெரு

மேற்கோள்: "ஒரே ஆள் பணம் போட்டு ஒரே ஆள் முடிவெடுக்கும் முறை"

இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வின்ஸுக்கு முன்னால் கமிட்டி முடிவெடுத்தது. கமிட்டி எடுத்த முடிவுகளில் ஒன்று பெயரை மாற்றியது. இன்னொன்று, கடைசி நாளில் யாராவது நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று இருந்தது. அந்த முறை தொடர்ந்திருந்தால் இந்நேரம் கிளப் எந்த லீக்கில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் மேனேஜர் விஷயத்தில் பிள்ளை சொல்வதை மறுக்க முடியாது. வரிசையைப் பாருங்கள். எட்வர்ட்ஸுக்கு அடுத்து இயன் பர்ச்னல். 2023 ஜனவரியில் அவர் வெளியே, டங்கன் ஃபெர்குசன் உள்ளே. எவர்ட்டனின் முரட்டு ஸ்ட்ரைக்கர் இந்தப் பசுமை கிளப்பில் என்றதும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 18 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அந்த ஒன்றும் யாரிடம் தெரியுமா? மார்ச் மாதம், தோல்வியே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடிவந்து சில நாள் முன்புதான் பார்ன்ஸ்லியிடம் தோற்றிருந்த ஷெஃபீல்ட் வென்ஸ்டேவிடம், இதே மேட்டில், 1-0. மற்ற எல்லாரிடமும் தோற்கிற டீம் இவர்களை எப்படி அடித்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. சீசன் முடிவில் 27 புள்ளி, கடைசி இடம்.

2023 ஜூலையில் ஃபெர்குசன் போனார். அப்புறம் டேவிட் ஹார்ஸ்மன், டிசம்பர் வரை. அப்புறம் டிராய் டீனி. ஆட்டக்காரராக வந்தவரையே மேனேஜர் ஆக்கினார்கள். 29 நாள், ஆறு ஆட்டம், வெற்றி ஒன்றுகூட இல்லை. தோற்ற ஒரு ஆட்டத்துக்குப் பின் தன் டீமையே பத்திரிகைக்காரர்கள் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டார், சில நாளில் அவர் சீட்டும் கிழிந்தது. அப்புறம் ஸ்டீவ் காட்டரில். அதற்குள் நேரம் போய்விட்டது. 2024-ல் லீக் டூவிலும் கடைசி. இரண்டே வருஷத்தில் மூன்றாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு.

#8 கொழுப்புகணேசன்

நடுவுல ஒரு பேரை விட்டுட்டீங்களே. அந்தப் பொம்பளை கோச். ரெண்டு வாரம் வெச்சிருந்து உலகம் பூரா போட்டோ போட்டுட்டு அனுப்பிட்டாங்க. அது கால்பந்தா, விளம்பரமா?

#9 நித்திலா

பெயர் ஹன்னா டிங்லி, "அந்தப் பொம்பளை" இல்லை.

அவர் எங்கிருந்தோ போட்டோவுக்காக இறக்கப்பட்டவர் இல்லை. 2019-லிருந்தே அங்கே அகாடமியை (இளம் ஆட்டக்காரர்களுக்கான பயிற்சிப் பிரிவு) நடத்தியவர், லீக் கிளப் ஒன்றின் ஆண்கள் அகாடமிக்குத் தலைமை ஏற்றிருந்த ஒரே பெண். ஃபெர்குசன் போனதும் 2023 ஜூலை 4 அன்று தற்காலிகப் பொறுப்பு கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தொழில்முறை ஆண்கள் அணி ஒன்றுக்கு ஒரு பெண் பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை. மறுநாளே மெல்க்ஷம் டவுனோடு நட்பு ஆட்டம், 1-1. சீசன் தொடங்குவதற்கு முன்பே ஹார்ஸ்மன் வந்துவிட்டார்.

விளம்பரமா என்று கேட்டால், விளம்பரம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அகாடமித் தலைவர் ஆணாக இருந்து, மேனேஜர் போனதும் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். அது எல்லா கிளப்பிலும் நடக்கிற ஏற்பாடு. எனக்கு இருக்கிற குறை வேறு. அவருக்கு ஒரு லீக் ஆட்டமாவது கொடுத்திருக்கலாம். அதற்கப்புறம் வந்த ஹார்ஸ்மனும் டீனியும் என்ன சாதித்தார்கள் என்பதைப் போன பதிவில் படித்தோமே.

#10 கொழுப்புகணேசன்

சரிங்க அக்கா, பேரைச் சொல்றேன், டிங்லி. அந்த டீனி 29 நாளைப் பார்த்தா நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணு, மூங்கில் ஜெர்சிலேர்ந்து எல்லாத்துக்கும் ஒரு பிரஸ் ரிலீஸ் விடுற கிளப், இதை மட்டும் எல்லா கிளப்பிலும் நடக்கிறதுன்னு சொல்ல முடியாது.

#11 நித்திலா

பிரஸ் ரிலீஸ் விடாவிட்டால் நாம் இருவரும் இந்த கிளப்பைப் பற்றித் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருப்போமா?

#12 யாழ்_வடலி

நித்திலா சொன்னது சரி.

நான் காசுக் கதைக்குத் திரும்பிறன். எங்கடை ஊர்ப்பக்கம் விளையாட்டுக் கழகங்கள் எப்பிடி நடக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கனடாவிலையும் சுவிஸிலையும் இருக்கிற நாலைஞ்சு பெடியள் காசு அனுப்பினால் மைதானத்துக்கு லைற் வரும், மெஷினாலை புல்லு வெட்டுவினம், சுற்றுப்போட்டி நடக்கும். அவங்களுக்குப் பிள்ளைகள் பெருத்து, வீட்டுக் கடன் ஏறினால், அடுத்த வருஷம் கழகம் பழையபடி. ஆனால் கழகம் செத்துப் போறேல்லை. பெடியள் விளையாடிக்கொண்டுதான் இருப்பினம், ஆரும் பாக்க வராட்டியும்.

ஃபாரஸ்ட் கிரீனுக்கும் உதுதான். வின்ஸ் நாளைக்குப் போனால் கிளப் லீக்கிலை இருந்து மறையும், ஊரிலை இருந்து மறையாது. 1982-லை ஆரின்ரை காசிலை வெம்ப்ளிக்குப் போனவை?

#13 கணக்குப்பிள்ளை

வடலி அண்ணன் சொல்வதில் ஒரு இடறல் இருக்கிறது. 1982-ல் அந்த கிளப்புக்கு மாதச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் இல்லை, வீரர்கள் வேலை முடித்துவிட்டு வந்து விளையாடியவர்கள். இன்றைக்கு முழுநேர ஆட்டக்காரர்கள், அகாடமி, பிசியோ, அலுவலகம். இதையெல்லாம் ஒருவர் திடீரென்று நிறுத்தினால் கிளப் பழைய இடத்துக்கு அமைதியாகத் திரும்பாது, கடனோடு விழும். பணமில்லாமல் விழுந்த பரி, மக்கள்ஸ்ஃபீல்ட் கிளப்களின் கதை தெரியும்தானே. மக்கள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020-ல் கலைக்கப்பட்டு, புதுப் பெயரில் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

#14 ஒன்பதாம்நம்பர்

மக்கள்ஸ்ஃபீல்ட் பேரை எடுத்ததால ஒரு தகவல்: அந்தப் புது மக்கள்ஸ்ஃபீல்டுல இருந்த ராபி சாவேஜைத்தான் 2025 கோடையில ஃபாரஸ்ட் கிரீன் மேனேஜரா கூட்டிட்டு வந்தது. அதுக்கு முந்தின சீசன்ல காட்டரில் நல்லாத்தான் கொண்டுபோனார். நேஷனல் லீக்ல (பழைய கான்ஃபரன்ஸ்தான், ஐந்தாம் படி) மூணாவது. ப்ளே-ஆஃப் அரையிறுதியில சொந்த மேட்டிலேயே சவுத்எண்ட்கிட்ட 2-2, பெனால்டியில அவுட். நான் ஸ்ட்ரீம்ல பார்த்துட்டு இருந்தேன், கடைசி பெனால்டிக்கு அப்புறம் லேப்டாப்பை மூடிட்டுப் படுத்தாச்சு.

மூணாவது வந்தும் ஏற முடியல, ஏன்னா நேஷனல் லீக்லேர்ந்து மேலே ரெண்டே ரெண்டு இடம்தான். சாம்பியனுக்கு ஒண்ணு, ப்ளே-ஆஃப்ல ஜெயிக்கிறவனுக்கு ஒண்ணு. லீக் டூலேர்ந்து நாலு டீம் மேலே போகுது, கீழேர்ந்து ரெண்டுதான் வருது. இறங்குறது சுலபம், ஏறுறதுக்கு வாசல் குறுகல்.

#15 தெற்குவீதி

குறுக்கே வருகிறேன். நான் கட்டடக் கலை படித்தவன், இந்த கிளப்பை, அவர்கள் கட்டத் திட்டமிட்ட மர ஸ்டேடியம் வழியாகத்தான் தெரியும். பிரபல கட்டடக் கலைஞர் சாஹா ஹதீதின் நிறுவனம் 2016-ல் போட்டியில் வென்ற வடிவமைப்பு. தூண், கூரைத் தாங்கி, இருக்கை அடுக்கு எல்லாம் முடிந்தவரை மரம். 5,000 இருக்கை, பிற்பாடு பெரிதாக்கலாம். எம்5 நெடுஞ்சாலையின் 13-வது சந்திப்புப் பக்கம் இடம். அது என்னாயிற்று?

#16 மேட்டுத்தெரு

2019 ஜூனில் ஸ்ட்ரௌட் கவுன்சில் நிராகரித்தது. திட்டத்தைத் திருத்திக் கொடுத்து அதே டிசம்பரில் குறுகிய வாக்கு வித்தியாசத்தில் அனுமதி வாங்கினார்கள். கட்டி எழும்பவில்லை. இரண்டு தடவை தரம் இறங்கிய டீமுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் புது ஸ்டேடியம் எதற்கு என்று உள்ளூரில் கேட்பவர்கள் உண்டு.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட கருத்து. படத்தில் அந்தக் கட்டடம் பார்க்க அழகுதான். மின்சார கார் சார்ஜ் செய்யலாம், நெடுஞ்சாலையிலிருந்து நேரே இறங்கலாம், அதெல்லாம் சரி. ஆனால் ஃபாரஸ்ட் கிரீனில் இல்லாத ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்றால் 1989-ல் செய்ததைத்தான் மறுபடி செய்கிறோம். அப்போது பெயரை ஸ்ட்ரௌட்டுக்குக் கொண்டுபோனார்கள், இப்போது பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் கழற்றப் பார்க்கிறார்கள். காற்றடிக்கிற மேடு, மூச்சு வாங்குகிற ஏற்றம் இதெல்லாம் இல்லாமல் அந்த டீமை யார் வேறுபடுத்திப் பார்ப்பார்கள்?

#17 கணக்குப்பிள்ளை

மூச்சு வாங்குகிற ஏற்றம்தான் கூட்டம் மூவாயிரத்தைத் தாண்டாததற்குக் காரணம் சார். வயதானவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லாம் யோசிப்பார்கள். அதுவும் பசுமை கிளப் என்று சொல்லிக்கொண்டு, ரயில் நிலையம் பக்கத்தில் இல்லாத குன்றின் உச்சிக்குக் காரில் வரவைப்பது நியாயமா? அவர்களுடைய சொந்தக் கொள்கைக்கே அந்த இடம் முரண்.

#18 யாழ்_வடலி

கிழவி ஏறினது எண்டு முதலே சொன்னன்.

#19 தெற்குவீதி

நெடுஞ்சாலைச் சந்திப்பு பசுமையா என்பதும் கேள்விதானே. அனுமதி முதலில் மறுக்கப்பட்டபோது போக்குவரத்து, சத்தம், நிலக்காட்சி எல்லாம் பேசுபொருளாக இருந்தன. இப்போது ஐந்தாம் படியில் இருக்கும்வரை நியூ லானே தாராளம் என்றுதான் தோன்றுகிறது. ஏறினால் பார்க்கலாம்.

#20 கொழுப்புகணேசன்

எனக்கு இங்கிலாந்துக்கு வேலை விஷயமா வர்ற வாய்ப்பு இருக்கு. பிரிஸ்டல்ல கொஞ்ச நாள். இவ்வளவு பேசியாச்சு, ஒரு மேட்ச் பார்க்கணும். எப்படிப் போறது, டிக்கெட் முன்னாடியே வாங்கணுமா?

#21 மேட்டுத்தெரு

வா கணேசா. நேஷனல் லீக் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் நெருக்கடி இருக்காது, கிளப் தளத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ரயிலென்றால் ஸ்ட்ரௌட்டில் இறங்கி, நெய்ல்ஸ்வொர்த் போகிற பஸ். அங்கிருந்து மேலே நடை. ஷூ நல்லதாகப் போட்டுக்கொள், மழைக்கோட்டு எடுத்துக்கொள், ஆகஸ்டாக இருந்தாலும். முடிந்தால் கீழே டவுனில் ஒரு சுற்று சுற்று, பழைய மில் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. மேட்டில் உள்ளூர் ஆட்கள் நிற்கும் பக்கத்துக்கு டிக்கெட் எடு, உட்காரும் பக்கம் வேண்டாம். தூரத்தில் காற்றாலை தெரிகிறதா என்று என்னைக் கேட்காதே, மேகம் இருந்தால் எதிர்க் கோல்போஸ்டே தெரியாது.

#22 கொழுப்புகணேசன்

சரிண்ணே. வழியில பிரியாணி எங்க கிடைக்கும்?

#23 யாழ்_வடலி

பிரிஸ்டலிலை சாப்பிட்டிட்டு வெளிக்கிடு தம்பி. மேலை போய்ப் பையும் ஒண்டு வாங்கு, காசு நான் தாறன்.